கொக்கியும் தாழ்ப்பாளும்

லிஃப்ட் மெக்கானிக்கின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் டயாலிசிஸ் அறைக்குள் நுழைவான். எடை மேடையில் ஏறி இறங்கி, ஆறாம் நாற்காலியில் சாய்ந்து, வலது கையை நீட்டுவான். அவன் இடதுகைக்காரன் என்பதால் ஊசி ஏற்றும் ரத்தக்குழாயை வலது கையில் இணைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு ஊசியும் உள்ளே போய்விட்டால் அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தக் கை அவனுடையதல்ல. கொஞ்சம் மடக்கினாலும் மெஷின் ஊரைக் கூட்டும். ஒற்றைக் கையால் செய்யக்கூடிய காரியங்கள் உலகத்தில் எவ்வளவு குறைவு என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வருடம் தூங்கிக் கழித்தான். இரண்டாம் வருடம் கூரைப் பலகைகளை எண்ணினான்; நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் வருடம், பரண்மேல் கிடந்த மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வந்தான்.

முதல் நாள் சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அது?"

"மாங்கா, சிஸ்டர்."

"மாங்காயா? பொட்டாசியம் எகிறிடும். மாங்காயும் கிடையாது தேங்காயும் கிடையாதுன்னு உங்க சீட்டுல பெருசா எழுதியிருக்கே."

அவன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். சிஸ்டர் வாங்கிப் புரட்டினார். பின்னட்டையிலிருந்து தொடங்கும் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் அடிதடி.

"இதைப் பாத்து பிரஷர் ஏறுச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

அந்தத் தொடரின் பெயர் 'கறுப்புப் பாலம்'. பதினெட்டுப் புத்தகம். அதன் நாயகன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மூட்டை இழுக்கும் கொக்கிதான் அவன் ஆயுதம், அதனால் அவனுக்குக் கொக்கி என்றே பெயர். அவனுடைய தம்பியைப் பாலத்தடியில் யாரோ கொன்றுவிடுகிறார்கள். பாலத்துக்கு ஏழு வளைவு, வளைவுக்கு ஒரு கும்பல். கொக்கி ஒவ்வொரு வளைவாகத் தனியாகப் போய் அடித்து நொறுக்குகிறான். யாரையும் கூடச் சேர்த்துக்கொள்வதில்லை. கை கொடுக்க வருகிறவனிடம், "ஒதுங்கு, ரத்தம் படும்" என்பான். அந்த வசனத்தை மெக்கானிக் தன் பத்தொன்பதாம் வயதில் லிஃப்ட் மோட்டார் அறையின் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தான். அப்பா போய், எட்டே மாதத்தில் அம்மாவும் போன வருடம் அது. கையில் பன்னிரண்டு வயதுத் தங்கை. பெரியப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றுக்கும் அவன் செவிசாய்க்கவில்லை. தானே சமைத்தான், தானே பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டான், தங்கைக்கு நீச்சல் பிடிக்கிறது என்று தெரிந்ததும் விடிகாலையில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். தங்கை நீச்சல் பயிற்சியாளர் ஆனாள், கல்யாணம் ஆனது, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அவனுக்கு மட்டும் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "லிஃப்ட்ல ஆள் ஏத்தறதுதான் என் வேலை, எனக்கு ஏற நேரமில்ல" என்பான்.

டயாலிசிஸின் அந்த மூன்றாம் வருடம் மழை விட்ட சமயத்தில் ஏழாம் நாற்காலிக்கு ஒரு புது ஆள் வந்தார். நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். நாற்பத்தாறு வயதிருக்கும்; மூக்குக் கண்ணாடி, ஒற்றைப் பின்னல், கணீரென்ற குரல். ஊசி ஏறி முடிந்ததும் அவர் வலது கையால் பையைத் துழாவி ஒரு புத்தகத்தை எடுத்தார். மெக்கானிக் ஓரக்கண்ணால் பார்த்தான். 'சாம்பல் வாசல்', நான்காம் புத்தகம். கறுப்புப் பாலம் வரைந்த அதே ஆள், அதை முடித்து ஆறு வருடம் கழித்து ஆரம்பித்த தொடர்.

அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது நகல், மேடம்."

டைப்பிஸ்ட் திரும்பினார். "என்னது?"

"நீங்க படிக்கிறது. இதோ இதோட நகல்." தன் புத்தகத்தை உயர்த்தினான். "அதே மூஞ்சி, அதே தழும்பு, அதே தம்பி. இங்க தம்பி செத்துட்டான், அங்க காணாமப் போயிட்டான், அவ்வளவுதான். பழைய சட்டைக்குப் புதுப் பட்டன் வெச்சிருக்காரு."

"முழுசாப் படிச்சீங்களா?"

"முதல் ரெண்டு புத்தகம்."

"கோர்ட்ல இப்படிச் சொன்னா ஜட்ஜ் வெளிய அனுப்பிடுவாரு" என்றார் டைப்பிஸ்ட். அப்புறம் அன்று நான்கு மணிவரை அவர் தம் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

ஆனால் புதன்கிழமை வந்தபோது அவருடைய பையில் சாம்பல் வாசல் முதலிலிருந்து மூன்று புத்தகம் இருந்தது. "படிச்சுட்டுப் பேசுங்க தம்பி. நானும் உங்களோடதைப் படிக்கிறேன்" என்றார். மெக்கானிக் மறுவார்த்தை இல்லாமல் வாங்கிக்கொண்டான். அவர் தம்பி என்று கூப்பிட்டதும், மேடம் என்பது தானாகவே அக்காவாகிவிட்டது.

ஒற்றைக் கையால் மாங்கா படிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. புத்தகம் மூடிக்கொள்ளும், பக்கத்தைக் கட்டைவிரலால் நெம்ப வேண்டும், வழுக்கிவிழுந்தால் குனிந்து எடுக்க முடியாது. மூன்றாவது வாரம் அவர்களுக்கு ஒரு வழி பிடிபட்டது. அவனுக்கு இடது கை சும்மா இருந்தது, அவருக்கு வலது கை. டைப்பிஸ்ட்டின் நாற்காலி அவனுக்கு இடது பக்கத்தில். அதனால் சும்மா இருந்த இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாற்காலிகளை ஒரு சாண் நெருக்கிப்போடச் சொல்லி, நடுவில் புத்தகத்தை வைத்து, அவன் பிடித்துக்கொள்ள அவர் புரட்டினார். எதிர் வரிசையில் இருந்த பேக்கரிக்காரர், "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பத்து வயசு வருமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாம்பல் வாசலின் நாயகன் ஒரு பழைய குடியிருப்பின் காவலாளி. அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு வாசல். இடித்துத் தள்ள வருகிற கும்பலை அவன் அந்த வாசலில் நின்று தடுக்கிறான். தாழ்ப்பாள் என்று அவனுக்குப் பெயர். அவனும் கொக்கியைப் போலவே பேசமாட்டான், அவனைப் போலவே இடது தோளைச் சாய்த்து நிற்பான். ஆனால் இவன் அடிக்கடி தோற்றான். மூன்றாம் புத்தகத்தில் முழங்கால் உடைந்து கிடந்தபோது இரண்டாம் மாடித் தையல்காரி ஒருத்தி கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றாள். ஆறாம் புத்தகத்தில் மொத்தக் கட்டடமும் முறை போட்டுக் காவல் காத்தது.

"ஹீரோவை உக்கார வெச்சுட்டு ஊரே சண்டை போட்டா அது என்ன ஆக்‌ஷன் கதை?" என்றான் மெக்கானிக்.

"உங்க கொக்கி கதையில எனக்கு ஆறாவது வளைவுலயே அலுத்துப்போச்சு. ஜெயிக்கப்போறான்னு தெரிஞ்சுக்கிட்டே எத்தனை தடவை பாக்கறது?"

"சரி, அந்தப் படிக்கட்டுச் சண்டைக்கு என்ன சொல்றீங்க?"

அவனுடைய துருப்புச்சீட்டு அதுதான். கறுப்புப் பாலத்தின் ஆறாம் புத்தகத்தில் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு சண்டை வரும். குறுகிய படிக்கட்டு, தலைக்குமேல் ஆடும் ஒரே ஒரு பல்பு, ஒரு வார்த்தை கிடையாது. சாம்பல் வாசல் நான்காம் புத்தகத்திலும் அதே படிக்கட்டு, அதே பல்பு. ஏழாவது படியில் கால் வழுக்குவதுகூட அச்சுக் குத்தினாற்போல் அப்படியே இருந்தது.

டைப்பிஸ்ட் இரண்டு புத்தகத்தையும் மடியில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா சாட்சி சொல்றதை டைப் அடிக்கிறேன், தம்பி. ரெண்டு சாட்சி வார்த்தை மாறாம ஒண்ணையே சொன்னா, யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ஆனா ஒரே ஆளு பத்து வருஷம் கழிச்சு வந்து அதே மாதிரி சொன்னா அது வேற. அந்த ஆளு அந்த இடத்தை விட்டு இன்னும் வரல. இவரு இன்னும் அந்தப் படிக்கட்டுலயே நின்னுக்கிட்டிருக்காரு. நகல் எடுக்கிறவனுக்கு இத்தனை கோடு போட எங்க பொறுமை இருக்கும்?"

மெக்கானிக் மனமில்லாமல் ஒன்றை ஒப்புக்கொண்டான். கறுப்புப் பாலத்தில் கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழும் ஒரு காட்சி உண்டு. அவன் தொழிலைப் பொறுத்தவரை அது சுத்தப் பொய். கயிறு அறுந்தால் பெட்டியின் அடியிலிருக்கும் பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், பெட்டி நின்றுவிடும். சாம்பல் வாசலில் வரும் லிஃப்டில் அந்தப் பிடியைச் சரியாக வரைந்திருந்தார்.

"யார்கிட்டயோ கேட்டிருக்காரு" என்றான்.

"பாத்தீங்களா. முதல்ல கேக்காம வரைஞ்சாரு, அப்புறம் கேட்டு வரைஞ்சாரு" என்று டைப்பிஸ்ட் சிரித்தார்.

தங்கை வெள்ளிக்கிழமைதோறும் அவனை அழைத்துப்போக வருவாள். நான்கு மணிக்கு ஊசி எடுத்தாலும் ரத்தம் நிற்கப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு அரைமணி உட்கார வேண்டும்; எழுந்தால் தலை சுற்றும். அதுவரை வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். அங்கேதான் டைப்பிஸ்ட்டின் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் பழக்கம் ஆனது. விஷயம் அந்த வழியாகத்தான் டைப்பிஸ்ட்டின் காதுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி கிட்னி தரேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சாமே. ரத்த குரூப்பும் ஒண்ணாமே."

மெக்கானிக்கின் முகம் இறுகியது. "அந்தப் பேச்சு வேணாம்க்கா."

"ஏன்?"

"அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க. தண்ணியில நிக்கிற பொழப்பு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அவளுக்குக் குடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அவகிட்டருந்து பிடுங்கிக்கிற அளவுக்கு நான் இன்னும் போகல."

"என் வீட்டுக்காரர் எனக்கு ரெண்டையும் எடுத்துக்கோன்னு சொன்னாரு" என்றார் டைப்பிஸ்ட். குரல் வழக்கம்போல்தான் இருந்தது. "டாக்டருங்கதான் ஒத்துக்கல. என் இதயம் ஆபரேஷனைத் தாங்காதாம். குடுக்க ஆள் இருந்தும் வாங்கறதுக்கு எனக்கு உடம்புல தெம்பு இல்ல. உங்களுக்குத் தெம்பு இருக்கு, மனசு இல்ல. ஒதுங்கு, ரத்தம் படும்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கொக்கி கதையோட முடிவு தெரியுமில்ல? பதினெட்டாம் புத்தகத்துல பாலத்துமேல தனியாச் செத்துக் கிடக்கிறான். தூக்க ஆள் கிடையாது."

"கதையையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

புதன்கிழமை புத்தகம் எடுத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தான், தன் புத்தகத்தைத் தனியாக வயிற்றின்மேல் சாய்த்துவைத்து, கட்டைவிரலால் பக்கங்களோடு மல்லுக்கட்டினான். டைப்பிஸ்ட்டும் தம் போக்கில் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் அந்த ஒரு சாண் இடைவெளி திரும்ப வந்துவிட்டது.

மூன்று மணி சுமாருக்கு அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்தது. அது வழக்கம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அப்புறம் காது அடைத்தது. கூரைப் பலகைகள் ஒவ்வொன்றாக மங்கின. சிஸ்டரைக் கூப்பிட வாய் திறந்தான், சத்தம் வரவில்லை. புத்தகம் நழுவி விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய டைப்பிஸ்ட், அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருப்பதைப் பார்த்தார். ஊசி ஏறிய கையை அசைக்காமல், உடம்பை மட்டும் நெளித்து எட்டி, அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே, நீதிமன்றத்துக் குரலில், "சிஸ்டர், ஆறாம் நம்பர்" என்று கத்தினார். அவர் எட்டியதில் அவருடைய மெஷினும் கத்தத் தொடங்கியது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்தி, சலைன் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் பலகைகள் திரும்பி வந்தன.

கண் திறந்தபோது அவனுடைய தோள்மேல் அந்தக் கை அப்படியே இருந்தது.

"ரத்தம் படலையே?" என்று கேட்டார் டைப்பிஸ்ட்.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றான்.

அன்று சீக்கிரமே வந்து வெளியே காத்திருந்த தங்கை, சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தாள். கால்மாட்டில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. குனிந்து, தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்தாள். புரட்டினாள். அது பின்னாலிருந்து தொடங்குவதுகூட அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அந்தப் புத்தகங்களை அண்ணன் தலையணைக்கு அடியில் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் திறந்ததில்லை.

"இதெல்லாம் எத்தனை இருக்கு?" என்று அவள் கேட்டது டைப்பிஸ்ட்டிடம்.

"அவரோடது பதினெட்டு. என்னோடது இதுவரைக்கும் பதினொண்ணு."

"எல்லாம் எனக்கு வேணும்."

அடுத்த மூன்று வாரம் தங்கை வீட்டில் மாங்கா மயம் என்று அவளுடைய மூத்த பெண் போனில் சொன்னாள். நீச்சல் குளத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறாளாம், குழந்தைகள் எத்தனை சுற்று நீந்தினார்கள் என்று எண்ண மறந்துவிடுகிறாளாம். மாப்பிள்ளை ஒருதடவை மெதுவாக, "மச்சான், இவளுக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார். மெக்கானிக்குக்கும் தெரியவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே தங்கை வந்துவிட்டாள். கழுத்தில் விசில், தலைமுடி இன்னும் ஈரம். சிஸ்டரிடம் பத்து நிமிடம் அனுமதி கேட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து ஆறாம் நாற்காலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்கு வந்தே? நாலு மணிக்குத்தானே வருவே" என்றான் மெக்கானிக்.

"வீட்டுல பேசினா எழுந்து போயிடுவே. இங்க ரெண்டு ஊசி குத்தியிருக்கு, எங்கயும் போக முடியாது. அதான்."

டைப்பிஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தார். எதிர் வரிசைப் பேக்கரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்தொம்பது புத்தகமும் படிச்சேன். ரெண்டு பேரும் எது நல்லாயிருக்குன்னு மாசக்கணக்கா அடிச்சுக்கிறீங்களாமே. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ஒருத்தன் தனியா அடிக்கிறான், ஒருத்தன் ஆளைச் சேத்துக்கிட்டு அடிக்கிறான். நீங்க சண்டையைப் பாத்தீங்க. நான் தம்பியைத் தேடினேன்."

"தம்பிதான் முதல் புத்தகத்துலயே செத்துட்டானே" என்றான் மெக்கானிக்.

"அதைத்தான் சொல்றேன். அங்க செத்துட்டான், இங்க காணோம். ரெண்டு கதையும் அந்தத் தம்பிக்காகத்தான் ஓடுது. பாலத்தை நொறுக்கிறது தம்பிக்காக, வாசலைக் காக்கிறது அவன் திரும்பி வருவான்னு. ஆனா இருபத்தொம்பது புத்தகத்துலயும் அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசல அண்ணா. நான் ஒவ்வொரு பக்கமாப் பாத்தேன். பழசை நெனைச்சுப் பாக்கிற இடத்துலகூட அவன் முதுகுதான் தெரியுது. உனக்கு என்னடா வேணும்னு அவன்கிட்ட யாரும் கேக்கல. அண்ணன்காரனே எல்லாத்தையும் முடிவு பண்றான்."

டைப்பிஸ்ட் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். தம்முடைய பதினொன்றையும் அவர் நாலு தடவை படித்தவர். இது அவருக்கும் புதிது.

"நீயும் அப்படித்தான்" என்றாள் தங்கை. "எனக்கு எந்த ஸ்கூல்னு நீ முடிவு பண்ணே. சின்னப் பிள்ளை, சரி. மாப்பிள்ளைய நீதான் முதல்ல போய்ப் பாத்தே, அதுவும் சரி, நல்ல மனுஷன். இதையும் நீயே முடிவு பண்ணிட்டே. எனக்கு என்ன ஆகும்னு எனக்காக நீ பயந்தே. எனக்கு என்ன வேணும்னு நீ ஒருநாளும் கேக்கல."

மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகத்தான் அவனுக்குத் தோன்றியது, கட்டிப்போட்டதுபோல் இருந்தான். கடைசியில் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"சரி. என்ன வேணும் உனக்கு?"

கேட்பான் என்று தங்கை எதிர்பார்க்கவில்லை போலும். விசிலைக் கையில் உருட்டினாள்.

"வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போய் உன் ரூம்ல விடுறேன் இல்ல? அப்புறம் எங்க வீட்டுக்குப் போற வழியில பெட்ரோல் பங்க் பக்கத்துல வண்டிய ஓரங்கட்டி நிறுத்துவேன். பதினஞ்சு நிமிஷம் அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் பிள்ளைங்க முன்னாடி போவேன். ரெண்டு வருஷமா ஒரு வாரம் விடாம. அது நிக்கணும். உனக்காகக் கேக்கல. எனக்காகத்தான்."

மெக்கானிக் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த அறையில் அதை மறைப்பதற்கு வழியில்லை.

"உனக்கு வலிக்குமே" என்றான்.

"வலிக்கும். ஆறு வாரம் தண்ணியில இறங்கக்கூடாதாம். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். முதல் டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டேன். டாக்டர் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"எப்ப எடுத்தே?"

"பன்னெண்டாவது புத்தகம் படிக்கும்போது."

அப்புறம் காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மனநல ஆலோசகர், ஒரு குழுவின் முன்னால் வாக்குமூலம் என்று ஐந்து மாதம் இழுத்தது. குழுவில் ஒரு பெண்மணி தங்கையிடம், "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்க, அவள், "நான்தான் அவரைக் கட்டாயப்படுத்தினேன், அதுக்கு ஏதாவது கேஸ் உண்டா?" என்றாளாம். நாள் குறித்தார்கள்.

அந்தத் தேதியை டைப்பிஸ்ட்டிடம் சொல்லத்தான் மெக்கானிக்குக்கு நாக்கு எழவில்லை. தான் எழுந்து போகப்போகிறவன், அவர் அங்கேயே இருக்கப்போகிறவர். இரண்டு வாரம் மென்று விழுங்கினான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கங்களை வெறித்தான்.

"இந்தப் பக்கத்துலயே பத்து நிமிஷமா இருக்கீங்க" என்றார் டைப்பிஸ்ட். "தேதி எனக்குத் தெரியும் தம்பி. உங்க தங்கச்சி அன்னைக்கே சொல்லிட்டா. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"எப்படிக்கா சொல்றது?"

"சும்மா சொல்றது. பொறாமை இல்லன்னு சொன்னா அது பொய் சாட்சி. முதல் நாள் கேட்டப்போ வீட்டுக்குப் போய் யாரோடயும் பேசல. மறுநாள் சரியாப் போச்சு. உங்களுக்கு நடக்கலைன்னா மட்டும் எனக்கு நடந்துடுமா என்ன?" புத்தகத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "பக்கத்தைப் புரட்டவா?"

"புரட்டுங்க."

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் கிடத்தப்பட்டார்கள். மெக்கானிக் கண் விழித்தபோது முதலில் கேட்டது தங்கையைப் பற்றி. இரண்டாவது, புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதை, அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலோரம் தொங்கிய பை சிறுநீரால் நிறைந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்தில் அவன் உடம்பிலிருந்து அப்படி ஒரு சொட்டு வந்ததில்லை. நர்ஸ் அதை அளந்து எழுதி, காலி செய்து, மறுபடி மாட்டினார். அவன் அதைக் கோயில் தீர்த்தம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மெல்ல நடந்து அவன் வாசல்வரை வந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. "ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"தும்மினா உயிர் போகுது. என்னைச் சிரிக்க மட்டும் வெச்சுடாதே" என்றாள். அவன் உடனே பேச்சை நிறுத்திக்கொண்டான்.

தையல் இடத்தில் நீர் கோத்து அவள் இன்னொரு நான்கு நாள் மருத்துவமனையிலேயே இருக்கவேண்டி வந்தது. அந்த நான்கு நாளும் மெக்கானிக்குக்குத் தூக்கமில்லை. தான் பயந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தான். மாப்பிள்ளைதான் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "மச்சான், அவ உள்ள கேன்டீன்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லித் தேற்றினார். அந்த நான்கு நாள் கழிந்ததும் அவள் வீட்டுக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு இருவருக்கும் தலையாட்டினார். தங்கை, "குளத்துல எப்ப இறங்கலாம்?" என்றாள். இன்னும் இரண்டு வாரம் என்றார். "இடுப்பளவு தண்ணி?" என்று பேரம் பேசினாள். அதற்கும் இரண்டு வாரம்தான் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் தங்கை, "அக்காவைப் பாத்துட்டுப் போலாம்" என்றாள். சாம்பல் வாசல் பன்னிரண்டாம் புத்தகம் அந்த வாரம்தான் கடைக்கு வந்திருந்தது. அதை வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

நோய் தொற்றிவிடும் என்று மெக்கானிக்குக்குக் கூட்டத்துக்குள் போகத் தடை. முகமூடியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். ஆறாம் நாற்காலியில் யாரோ ஒரு புது ஆள், போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அவனைப் பார்த்துவிட்டு வலது கையை உயர்த்தினார். அவனும் உயர்த்தினான். முன்பைவிட அவர் இளைத்திருந்தார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர் வாயசைத்தது, "உடம்பு தேறியிருக்கு" என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

தங்கை ஸ்டூலை ஏழாம் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் புதுப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஐந்தாறு பக்கம்கூட ஆகியிருக்காது, டைப்பிஸ்ட் ஒரு கட்டத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னார், தங்கை தலையைப் பலமாக ஆட்டி மறுத்தாள். டைப்பிஸ்ட் இரண்டு பக்கம் பின்னால் புரட்டிக் காட்டினார். தங்கை விடவில்லை. சிஸ்டர் வந்து, பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் கதவை ஒருதடவை தட்டினான். தங்கை திரும்பாமலேயே, இரு என்று கையைக் காட்டினாள். இது இப்போதைக்கு முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரைப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டாக்ஸி பிடித்து நிறுத்திவைக்கலாம் என்று படியிறங்கினான்.